பந்தி விசாரிக்கிறவரும் உக்கிராணச் சாவியும்

கடைக்கார கவுன்சிலர் மறுபடி ஓட்டுக் கேட்டு வருகிறார். மாநகராட்சி மன்றம் எப்படி இயங்குகிறது?

தஞ்சாவூர் மாநகராட்சியில் 51 வார்டுகள். 2022 பிப்ரவரி 19-ஆம் தேதி, சம்பா அறுவடையும் நெல் கொள்முதலும் நடந்துகொண்டிருந்த நாட்களில், அந்த வார்டுகளுக்கு ஓட்டுப்பதிவு நடந்தது. 22-ஆம் தேதி எண்ணினார்கள். மார்ச் 2-ஆம் தேதி உறுப்பினர்கள் பதவியேற்றார்கள். 4-ஆம் தேதி அவர்கள் கூடி சண். இராமநாதனை மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் கூட்டத்திலிருந்து ஐந்து ஆண்டுதான் மன்றத்தின் ஆயுள் என்பது அரசமைப்புச் சட்டம் போட்ட வரம்பு. ஆக, 2027 மார்ச் தொடக்கத்தோடு இந்த மன்றத்தின் கணக்கு முடிகிறது.

ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, அரிசி மண்டி, மருந்துக்கடை, ஹோட்டல், ஹார்டுவேர் கடை என்று ஏதாவது ஒரு தொழில் நடத்துகிறவர்கள் டெல்டா நகரங்களின் மன்றங்களில் எப்போதும் உண்டு. அப்படி ஒருவர் உங்கள் வாசலில் வந்து நின்று, “இன்னொரு தடவை பாத்துக்கங்க” என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? தெரிந்த முகம், கடையில் கடன் சொன்னால் கொடுக்கிறவர், கல்யாணம் காட்சிக்குத் தவறாமல் வருகிறவர். இதெல்லாம் அவர் நல்ல மனிதர் என்பதற்குச் சாட்சி. நல்ல கவுன்சிலரா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, ஒரு கவுன்சிலரால் என்ன முடியும், எது அவர் கையில் இல்லை, எதை அவர் தொடவே கூடாது என்ற மூன்றும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கல்யாணச் சமையற்கட்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் இந்த மூன்றும் விளங்கிவிடும்.

பின்கட்டும் முன்கட்டும்

ஆயிரம் இலை விழுகிற கல்யாணம். மண்டபத்தின் பின்கட்டில் கோட்டை அடுப்பு எரிகிறது. அண்டாக்களுக்கு நடுவே மாஸ்டர் நிற்கிறார். காய் நறுக்க, தேங்காய் துருவ, சாதம் வடிக்க அவருக்குக் கீழே ஆட்கள். பக்கத்து அறை உக்கிராணம். அரிசி மூட்டையிலிருந்து அசோகா அல்வாவுக்கு வேண்டிய பாசிப்பருப்பு வரை அங்கேதான் இருக்கிறது. வெளியே போகிற ஒவ்வொரு படியும் நோட்டில் ஏற வேண்டும். சாவி ஒருவர் இடுப்பில் இருக்கிறது.

முன்கட்டில் பந்தி. வரிசைக்கு ஒருவர் நின்று விசாரிக்கிறார். அவர் கையில் வாளியோ கரண்டியோ கிடையாது. மூன்றாவது இலைக்கு ரசம் வரவில்லை. கடைசி இலையில் ஒரு பெரியவர் இன்னும் கை நனைக்காமல் உட்கார்ந்திருக்கிறார். ஒரு குழந்தையின் இலையில் அப்பளம் இல்லை. இதையெல்லாம் பார்த்துப் பின்கட்டுக்குக் குரல் கொடுப்பதும், கேட்டது இலைக்கு வந்து சேர்ந்ததா என்று நின்று பார்ப்பதும் அவர் வேலை. சமையல் எவ்வளவு ருசியாக இருந்தாலும், இந்த ஆள் சரியில்லை என்றால் ஒரு வரிசையே பசியோடு எழுந்து போகும்.

மாநகராட்சியும் இப்படித்தான் அமைந்திருக்கிறது. கமிஷனர்தான் மாஸ்டர். அவர் அரசு நியமிக்கும் அதிகாரி. பொறியாளர்கள், சுகாதார அலுவலர்கள், வருவாய்ப் பிரிவினர், நகரமைப்புப் பிரிவினர் எல்லாரும் அவருடைய ஆட்கள். சாலை போடுவது, குப்பை எடுப்பது, வரி வசூலிப்பது, கட்டட அனுமதி கொடுப்பது என எல்லா நிர்வாக வேலையும் அந்தக் கட்டில்தான் நடக்கிறது. மேயர், முன்நின்று கல்யாணத்தை நடத்துகிற வீட்டுப் பெரியவர். கவுன்சிலர்கள் ஆளுக்கொரு வரிசையைப் பார்த்துக்கொள்கிறவர்கள். அவர்கள் எல்லாரும் கூடி உட்காரும் மன்றக் கூட்டத்தில்தான் இன்று என்ன சமைக்க வேண்டும், எவ்வளவு செலவு செய்யலாம் என்பது தீர்மானமாகிறது.

கல்யாண வீட்டுக்கும் மாநகராட்சிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இங்கே இலை முன்னால் உட்கார்ந்திருப்பவரும் விருந்துக்கு அரிசி கொடுத்தவரும் ஒரே ஆள்தான். நாம் கட்டிய வரியில்தான் அடுப்பு எரிகிறது. அதனால் சோறு வரவில்லை என்றால் கேட்பது நம் உரிமை, யாரிடமும் கெஞ்ச வேண்டிய விஷயம் அன்று.

ஒரு சாக்கடை எப்படி வேலையாகிறது?

பழைய ஊருக்குள் இருக்கிற ஒரு கடைத்தெருவை எடுத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் கடைகள், ஓரமாகத் திறந்த சாக்கடை. வாடிக்கையாளர் தாண்டி வர வசதியாக ஒரு கடைக்காரர் சாக்கடைக்கு மேல் சிமெண்ட் சிலாப் போட்டார். பக்கத்துக் கடைக்காரரும் போட்டார். பிறகு சிலாப்பின் மேல் படி வந்தது. படிக்கு மேல் சரக்கு அடுக்கினார்கள். இப்போது முப்பது கடை நீளத்துக்குச் சாக்கடை எங்கே ஓடுகிறது என்றே தெரியாது. தூய்மைப் பணியாளர் மண்வெட்டி விட ஓர் அடி இடைவெளி இல்லை. ஐப்பசி அடைமழையில் தண்ணீர் வடிய வழியில்லாமல் தெருவில் ஏறுகிறது. முதலில் பாதிக்கப்படுவது கடைக்குப் பின்னால் தாழ்வான சந்தில் இருக்கிற வீடுகள். அந்த வீட்டுக்காரர்கள் கவுன்சிலரைத்தான் தேடி வருவார்கள்.

அங்கிருந்து வேலை இப்படி நகர வேண்டும். கவுன்சிலர் எழுத்தில் கமிஷனருக்கு மனுக் கொடுக்க வேண்டும். வாய்வார்த்தைக்கு அலுவலகத்தில் எண் கிடையாது, எண் இல்லாத மனு நகராது. உதவிப் பொறியாளர் வந்து அளந்து மதிப்பீடு போடுவார். குறிப்பிட்ட தொகைக்குள் இருந்தால் கமிஷனரே அனுமதி தரலாம். அதற்கு மேல் என்றால் மன்றத்தின் முன் பொருளாக வைக்க வேண்டும். தொகை இன்னும் பெரிதானால் மேலிடத்துக்குப் போகும். மன்றம் தீர்மானம் நிறைவேற்றிய பிறகு, 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி டெண்டர் விட்டு, ஒப்பந்ததாரருக்குப் பணி ஆணை கொடுப்பார்கள். வேலை முடிந்ததும் பொறியாளர் அளவுப் புத்தகத்தில் பதிந்தால் பில் போகும்.

இத்தனை படிகளில் கவுன்சிலரின் கை எங்கே இருக்கிறது? மனு, மன்றப் பேச்சு, ஓட்டு, கடைசியில் வேலையை நின்று பார்ப்பது. நடுவில் உள்ள மதிப்பீடும் டெண்டரும் பில்லும் அதிகாரிகளுடையவை. “நான்தான் சாக்கடை கட்டினேன்” என்று நோட்டீஸ் அடித்தாலும், “அதிகாரிங்க செய்யல, நான் என்ன பண்றது” என்று கை விரித்தாலும் அது முழு உண்மை ஆகாது. பந்தி விசாரிக்கிறவர் குழம்பு வைத்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. குழம்பு வராததைக் கேட்கவே இல்லை என்றால் அவர் அங்கே நின்றதில் பயனில்லை.

இதே சாக்கடையில் அவருக்கு இன்னொரு சோதனையும் காத்திருக்கிறது. சிலாப்புகளை எடுக்க மாநகராட்சி ஆட்கள் வரும்போது, தெருவில் முதல் சிலாப் கவுன்சிலரின் கடை வாசலில் இருந்தால்? அதை அவரே முதல் நாள் எடுத்துவிட்டால், மீதி இருபத்தொன்பது பேரும் மறு பேச்சில்லாமல் எடுப்பார்கள். அவர் எடுக்காமல் இருந்தால், எத்தனை தீர்மானம் போட்டாலும் அந்தச் சாக்கடை திறக்காது. கடை நடத்துகிற ஒருவர் கவுன்சிலராக இருப்பதில் உள்ள பலமும் ஆபத்தும் இந்த ஒரு கல்லிலேயே தெரிந்துவிடும்.

உக்கிராணத்துக்குச் சரக்கு எங்கிருந்து வருகிறது?

சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம், தொழில் வரி, மாநகராட்சிக் கடைகளின் வாடகை. இவை ஊருக்குள்ளிருந்தே வருகிற சரக்கு. மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி வரும் பங்கு, பத்திரப்பதிவின்போது வசூலாகும் கூடுதல் தீர்வையில் ஒரு பகுதி, மத்திய நிதிக்குழு மானியம், கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், அம்ருத் போன்ற திட்டப் பணம். இவை வெளியிலிருந்து லோடாக வந்து இறங்குபவை. வெளியிலிருந்து வரும் சரக்கு பெரும்பாலும் கட்டுப்பாட்டோடு வருகிறது. குடிநீருக்கு வந்த பணத்தில் தெருவிளக்குப் போட முடியாது. கவுன்சிலர் விருப்பப்படி கேட்கக்கூடியது, ஊருக்குள் வசூலான பணத்தில் சம்பளமும் மின் கட்டணமும் போக மிஞ்சுகிற பொது நிதியைத்தான்.

அதனால்தான் வரி வசூல் கவுன்சிலரின் கவலையாகவும் இருக்க வேண்டும். 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி, புதிய மன்றங்கள் பொறுப்பேற்று ஒரு மாதம்கூட முடியாத நிலையில், மாநில அரசு சொத்து வரியை 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்துவதாக அறிவித்தது. கட்டடத்தின் பரப்பையும் வீடா கடையா என்பதையும் வைத்து விகிதம் மாறியது. கடைக்கட்டடங்களுக்கு வீடுகளைவிடச் சுமை கூடுதல். கடை நடத்துகிற கவுன்சிலருக்கு இதில் இரண்டு பக்கமும் வலித்திருக்கும். வாடிக்கையாளரும் வாக்காளருமான ஒரே மனிதர் அவர் கல்லாப்பெட்டிக்கு முன் நின்று, “என்ன அண்ணே, இப்படி ஏத்திட்டீங்க” என்று கேட்டிருப்பார். அந்த உயர்வு எங்கிருந்து வந்தது, எவ்வளவு மன்றத்தின் கையில் இருந்தது, வந்த பணத்தில் வார்டுக்கு என்ன கேட்டு வாங்கினேன் என்று ஒளிக்காமல் பதில் சொன்னவர் மறுபடி ஓட்டுக் கேட்கத் தகுதி உள்ளவர்.

கடைக்காரர் ஏன் நல்ல கவுன்சிலர் ஆக முடியும்?

முதல் காரணம், அவரைப் பார்க்க முடியும். காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்திருக்கும், இரவு ஒன்பது மணிக்கும் அவர் அங்கேதான் இருப்பார். அலுவலகம் தேடி அலைய வேண்டாம். மாவு அரைத்துவிட்டுத் திரும்புகிற அம்மா வழியில் நின்று, “தம்பி, எங்க தெரு லைட்டு நாலு நாளா எரியல” என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

இரண்டாவது, கணக்கு. நாள் முடிவில் கல்லாவை எண்ணிப் பழகியவருக்குப் பட்ஜெட் புத்தகத்தைத் திறந்தால் கண் கூசாது. மூன்றாவது, ஊரின் நாடி. மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் தேதி திறக்குமா, கொள்முதல் நிலையத்தில் நெல் தேங்குகிறதா, விவசாயிக்குப் பணம் வந்ததா என்பது தஞ்சாவூர்க் கடைத்தெருவில் உடனே தெரியும். நெல் பணம் வந்தால்தான் ஜவுளியும் பாத்திரமும் நகையும் நகரும். கிராமத்தின் கையில் காசு இல்லாத மாதத்தில் வரி பாக்கிக்கு ஜப்தி நோட்டீஸ் போனால் என்ன ஆகும் என்பதை அவர் மன்றத்தில் எடுத்துச் சொல்ல முடியும்.

நான்காவது காரணம் பழைய பொருளாதாரம். வெகுகாலம் கவுன்சிலருக்கு மாத ஊதியம் கிடையாது, கூட்டத்துக்கு வந்தால் சிறிய அமர்வுப்படி மட்டும். வேறு வருமானம் உள்ளவர்தான் அந்த வேலைக்கு வர முடிந்தது. 2023 ஜூலை முதல் மாநகராட்சி உறுப்பினருக்கு மாதம் 10,000 ரூபாய், மேயருக்கு 30,000 ரூபாய் என்று தமிழ்நாடு அரசு மதிப்பூதியம் நிர்ணயித்தது. ஒரு குடும்பம் நடத்த அது போதாது. ஆனாலும் கூலி வேலை செய்கிறவரும் ஆட்டோ ஓட்டுகிறவரும் மன்றத்துக்கு வரக் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. கும்பகோணம் மாநகராட்சியின் முதல் மேயராக 2022-இல் பொறுப்பேற்ற க. சரவணன் ஆட்டோ ஓட்டுநர். கடை இருந்தால்தான் கவுன்சிலர் ஆக முடியும் என்ற நிலை மாறுவது நல்லது. அந்தப் போட்டி கடைக்காரரையும் நல்ல கவுன்சிலர் ஆக்கும்.

தொழில் செய்கிறவர்கள் நகரசபையில் பெரிய காரியம் செய்ததற்கு நம்மிடம் முன்னுதாரணம் உண்டு. இதே காவிரியின் மேல்கரையில், ஈரோட்டில் மண்டி வியாபாரம் நடத்திய ஈ.வெ. ராமசாமி 1918-இல் நகரசபைத் தலைவரானார். ஊருக்குக் குழாய்க் குடிநீர் கொண்டுவந்தது அந்தக் காலத்தின் வேலையாகப் பேசப்படுகிறது. காங்கிரஸில் சேர 1919-இல் அந்தப் பதவியை விட்டார். பெரியார் என்று ஊர் அழைத்தது அதற்குப் பிறகு. அதே ஆண்டுகளில் பக்கத்துச் சேலத்தில் நகரசபைத் தலைவராக இருந்தவர் ராஜாஜி. தண்ணீரும் தெருவும் பார்த்துப் பழகியவர்கள்தான் பிறகு நாட்டையும் பார்த்தார்கள்.

மளிகை போடுகிறவரிடம் சாவி இருக்கலாமா?

சமையற்கட்டின் மிக முக்கியமான விதி இது. கல்யாணத்துக்கு மளிகை போடுகிற கடைக்காரர் உக்கிராணச் சாவியை வைத்திருக்கக் கூடாது. இறக்கிய மூட்டை எத்தனை, பருப்பு முதல் தரமா என்று பார்க்க வேண்டிய ஆளும் பில் போடுகிற ஆளும் ஒருவரே ஆனால், அவர் யோக்கியராக இருந்தாலும் கணக்கை யாரும் நம்ப மாட்டார்கள்.

சட்டமும் இதையே சொல்கிறது. மாநகராட்சியோடு நடப்பில் உள்ள ஒப்பந்தத்தில் பங்கு வைத்திருப்பவர் உறுப்பினராக இருக்க முடியாது. உறுப்பினரான பிறகு அப்படிப் பங்கு ஏற்பட்டாலும் பதவி போகும். ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் கவுன்சிலர் மாநகராட்சிக்கு பி.வி.சி. பைப் சப்ளை செய்யும் ஒப்பந்தம் எடுத்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அது தவறு. முறையாக நோட்டீஸ் வந்து கெடுவும் முடிந்த வரி பாக்கியைக் கட்டாமல் இருப்பதும் தகுதியிழப்பில் கொண்டுபோய் விடும்.

ஓட்டுப் போடுவதிலும் நுட்பமான ஒரு கோடு இருக்கிறது. பொதுமக்கள் எல்லாருக்கும் பொருந்துவதைத் தாண்டி, தனக்கோ தன் கூட்டாளிக்கோ பண லாபம் உள்ள பொருள் மன்றத்துக்கு வந்தால், அந்த உறுப்பினர் விவாதத்திலும் கலந்துகொள்ளக் கூடாது, ஓட்டும் போடக் கூடாது என்பது நம் நகராட்சிச் சட்டங்களில் நெடுங்காலமாக உள்ள விதி. ஊர் முழுக்கச் சொத்து வரி உயர்கிறது என்றால் அவரும் ஒரு வரி கட்டுகிறவர்தான். அதில் அவர் தாராளமாகப் பேசலாம். தான் கூட்டாளியாக இருக்கிற கடைக்கு மாநகராட்சி இடத்தைக் குத்தகைக்கு விடும் பொருள் வந்தால் எழுந்து வெளியே போய்விட வேண்டும்.

சட்டம் தொடாத இடங்களில்தான் ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரியும். ஒப்பந்தம் மைத்துனர் பெயரில் இருக்கிறதா? சாலை போட வந்த ஒப்பந்ததாரர் சிமெண்ட் வாங்குவது கவுன்சிலர் கடையிலா? தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பை அவர் கடையில் இன்னும் புழங்குகிறதா? தரைக்கடை போட்டுப் பிழைக்கிறவரை, தன் கடை வியாபாரம் கெடுகிறது என்பதற்காக அதிகாரிகளை ஏவி விரட்டினாரா? இந்தக் கேள்விகளுக்கு வார்டில் இருக்கிற எல்லாருக்கும் பதில் தெரியும். கேட்கத்தான் யாரும் முன்வருவதில்லை.

தொழிலையும் பதவியையும் பிரித்து வைத்தவருக்கு ஓர் உதாரணம் உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்தில் ஜோசப் சேம்பர்லேன் ஸ்குரூ தயாரிக்கும் பெரிய தொழிற்சாலையின் பங்குதாரர். 1869-இல் நகரசபைக்கு வந்தார், 1873-இல் மேயரானார், அடுத்தடுத்து மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தனியார் கையிலிருந்த எரிவாயு விநியோகத்தையும் குடிநீரையும் நகரசபைக்குச் சொந்தமாக்கினார். மேயராக இருக்கும்போதே, 1874-இல், தொழிலிலிருந்து விலகிப் பங்கை விற்றுவிட்டார். நம் கடைத்தெருக் கவுன்சிலரிடம் கடையை விற்றுவிடு என்று யாரும் கேட்கவில்லை. கடைக்கும் மன்றத்துக்கும் நடுவே ஒரு சுவர் எழுப்பு, அந்தச் சுவரை நாங்கள் பார்க்கும்படி எழுப்பு என்று மட்டும் கேட்கிறோம்.

இரண்டாம் பந்தி

முதல் பந்தி எழுந்த பிறகு இரண்டாம் பந்திக்கும் அவரையே விசாரிக்க விடலாமா என்பதுதான் மறுதேர்தல். அதன் நடைமுறை இப்படி.

வயது 21 நிரம்பி, மாநகராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போட்டியிடலாம். முன்மொழிகிறவர் அந்த வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். 2022 தேர்தலில் மாநகராட்சி வார்டுக்கு டெபாசிட் 4,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. சொத்து, கடன், வழக்கு விவரங்களை உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். மறுபடி நிற்கிறவரிடம் இந்தப் பத்திரம் நமக்கு ஒரு நல்ல கருவி. ஐந்து ஆண்டுக்கு முன் கொடுத்ததையும் இப்போது கொடுப்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கடை எவ்வளவு வளர்ந்தது, வார்டு எவ்வளவு வளர்ந்தது என்று ஒப்பிடலாம்.

செலவு வரம்பு, 2022-இல் சென்னை தவிர்த்த மாநகராட்சிகளின் வார்டுகளுக்கு 85,000 ரூபாய். தஞ்சாவூரின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 2,22,943. வார்டுக்குச் சராசரியாக 4,400 பேர். வாக்காளர்கள் 3,000 பேர் என்று வைத்துக்கொண்டால், வரம்பு ஒரு வாக்காளருக்கு 28 ரூபாய்தான். வீடு வீடாக யாராவது நூறும் ஐந்நூறும் கொடுத்தால், அந்தக் கணமே வரம்பு உடைந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பணத்தை அவர் கடை லாபத்திலிருந்து கொடுத்தாலும் சரி, ஐந்து ஆண்டில் திரும்ப எடுக்கும் எண்ணத்தோடுதான் கொடுக்கிறார். முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்யாதவர்கள், வென்றாலும் தோற்றாலும், தகுதி இழக்க நேரிடும்.

ஓட்டுப்பதிவைப் பார்ப்போம். 2022-இல் பேரூராட்சிகளில் 74.68 சதவீதம், நகராட்சிகளில் 68.22 சதவீதம், மாநகராட்சிகளில் 52.22 சதவீதம் பதிவானது. ஊர் பெரிதாகப் பெரிதாக ஓட்டு குறைகிறது. 3,000 வாக்காளர் உள்ள வார்டில் 52 சதவீதம் என்றால் 1,560 ஓட்டு. நாலைந்து பேர் பிரித்துக்கொண்டால் அறுநூறு ஓட்டு வாங்கியவர் ஜெயித்துவிடலாம். ஒரு கடையின் வாடிக்கையாளர்கள், ஒரு சங்கத்தின் உறுப்பினர்கள், இரண்டு தெருச் சொந்தக்காரர்கள் சேர்ந்தாலே அந்த எண்ணிக்கை வந்துவிடும். மீதி வார்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால், பந்தி சிலருக்கு மட்டும் நடக்கும்.

இட ஒதுக்கீட்டையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம். சுழற்சியில் தன் வார்டு பெண்களுக்குப் போய்விட்டால், சில கடைக்காரர்கள் மனைவியை நிறுத்திவிட்டுத் தாங்களே கவுன்சிலராக நடமாடுகிறார்கள். அந்த அம்மாள் மன்றத்தில் பேசுகிறாரா, மனுவில் கையெழுத்து அவருடையதா, அதிகாரி அவரிடம் பேசுகிறாரா அவர் கணவரிடமா என்பதைக் கேட்டுத்தான் ஓட்டுப் போட வேண்டும். சொந்தத் தொழில் நடத்திக்கொண்டே வார்டையும் நேராகப் பார்த்துக்கொள்ளும் பெண் கவுன்சிலர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்க வேண்டிய மரியாதையை இந்த நிழல் ஆட்சி பறிக்கிறது.

பந்தியில் ஆளே இல்லாத காலம்

கவுன்சிலரால் என்ன பயன் என்று சலித்துக்கொள்கிறவர்கள் 2016 முதல் 2022 வரை நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். 2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் நடக்கவிருந்த தேர்தல் அறிவிப்பை இட ஒதுக்கீட்டுக் குறைபாட்டால் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் ஐந்து ஆண்டுக்கும் மேலாக மாநிலத்தின் நகரங்களில் மன்றமே இல்லை. தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள்.

தஞ்சாவூருக்கு அது சாதாரண காலம் அன்று. 2016 செப்டம்பரில் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் ஊர் சேர்ந்தது. காமராஜ் மார்க்கெட்டை இடித்துக் கட்டுவது, பழைய பேருந்து நிலையத்தைப் புதுப்பிப்பது, ஐயன்குளத்தைச் சீரமைப்பது என்று ஊரின் முகத்தை மாற்றும் வேலைகள் நடந்தன. தலைமுறைக்கு ஒருமுறை வரும் விருந்து. அடுப்பு எரிந்தது, சரக்கு இறங்கியது. பந்தியில் விசாரிக்கத்தான் ஒருவரும் இல்லை. மார்க்கெட் வியாபாரிக்கும், பேருந்து நிலையத்தில் பூ விற்ற பெண்ணுக்கும், தோண்டிப் போட்ட தெருவில் குடியிருந்தவருக்கும் குறையைச் சொல்லத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் ஆள் இருக்கவில்லை. அதிகாரிகள் கெட்டவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். எந்த மாஸ்டருக்கும் பின்கட்டிலிருந்து இலை தெரியாது.

2027-இல் அந்த நிலை திரும்ப வரக்கூடாது. காலம் முடிவதற்குள் தேர்தல் நடந்தாக வேண்டும் என்பது 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசமைப்புத் திருத்தத்தின் உயிர்நாடி. கட்சி வேறுபாடு இல்லாமல் நாம் எல்லாரும் வலியுறுத்த வேண்டியது அது.

என்ன கேட்க வேண்டும்?

நகரங்களுக்கும் வார்டு குழு, பகுதி சபா என்ற அமைப்புகள் வந்துவிட்டன. கிராம சபையைப் போல, 2022 நவம்பர் 1 உள்ளாட்சி நாளன்று பகுதி சபாக் கூட்டங்கள் தமிழ்நாட்டு நகரங்களில் தொடங்கின. இலையில் உட்கார்ந்தவரே நேராகப் பின்கட்டைக் கேட்கும் வழி அது. உங்கள் கவுன்சிலர் அதை ஒழுங்காகக் கூட்டினாரா, கூட்டியதை உங்களுக்குச் சொன்னாரா என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும்.

பிறகு இவற்றைக் கேளுங்கள். மன்றக் கூட்டங்களில் எத்தனைக்குப் போனீர்கள்? எழுத்தில் கொடுத்த மனுக்களின் நகல் இருக்கிறதா? அதில் எத்தனை வேலை முடிந்தது? முடியாதவை எந்த மேசையில் நிற்கின்றன? மாநகராட்சி வேலை எதிலாவது உங்கள் கடைக்கோ குடும்பத்துக்கோ தொடர்பு உண்டா? உங்கள் கடையின் சொத்து வரியும் தொழில் வரியும் கட்டிய ரசீது எங்கே? கடை வாசல் சாக்கடையின் மேல் சிலாப் இருக்கிறதா?

இவற்றுக்கு நேராகப் பதில் சொல்கிறவர் எந்தக் கட்சிக்காரரானாலும், எந்தக் கடைக்காரரானாலும், இரண்டாம் பந்திக்கும் அவரை நிற்க விடுவதில் தவறில்லை. அனுபவம் உள்ளவர் மறுபடி வந்தால் வார்டுக்கு லாபம்தான். பதில் சொல்லாமல் உறவையும் சாதியையும் கடை பாக்கியையும் நினைவூட்டுகிறவரை மரியாதையோடு வீட்டுக்கு அனுப்புங்கள். அவர் கடையில் தொடர்ந்து சாமான் வாங்குங்கள், ஓட்டை மட்டும் வேறு ஒருவருக்குப் போடுங்கள். எதுவானாலும் அன்றைக்கு வாக்குச்சாவடிக்குப் போய்விடுங்கள். அறுநூறு ஓட்டில் முடிவாகிற வார்டில், உங்கள் வீட்டு நாலு ஓட்டுக்கு மதிப்பு அதிகம்.